ஃபர்னஸ் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே மைனஸ் 25 டிகிரி. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் பற்றுகிறது, நான்கைந்து நொடியில் அணைந்துவிடுகிறது. மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது. மூன்று முறை இப்படி நடந்த பிறகு சும்மா நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் இதே கதை. டெக்னீஷியன் நாளைக்குத்தான் வர முடியுமாம். அதற்குள் வீட்டுக்காரர் எதைத் தானே பார்க்கலாம், எதில் கை வைக்கக் கூடாது, பொதுவாக ஃபர்னஸ் கோளாறுகளை எப்படி இனம் காண்பது?

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதல் சந்தேகம் ஃப்ளேம் சென்சர் மேல்தான், அதாவது தீ எரிகிறதா என்று உணரும் பாகத்தின் மேல். பெரும்பாலும் அது ஒரு ஸ்க்ரூடிரைவரும் மெல்லிய ஸ்டீல் வுல்லும் கொண்டு முடிந்துவிடும் வேலை. அதைக் கீழே விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். அவற்றைத் தாண்டி மேலே படிக்காதீர்கள்.

வீட்டுக்குள் அழுகிய முட்டை வாடை வந்தால் அது எரிவாயுக் கசிவு. வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். அந்த நேரத்தில் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தொலைபேசியைக்கூட வீட்டுக்குள் எடுக்காமல் எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய், தள்ளி நின்று எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள்.

அடுத்தது கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு என்று காய்ச்சல் மட்டும் இல்லாத ஃப்ளூ போலத்தான் தொடங்கும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் இப்படி இருந்து, வெளியே போனால் தெளிந்து, வீடு திரும்பினால் மறுபடி வந்தால் அலாரம் ஒலிக்கும்வரை காத்திருக்காதீர்கள். வட அமெரிக்காவில் விற்கப்படும் வீட்டு அலாரங்களின் தரநிலைப்படி, காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு என்ற அளவு ஒரு மணி முதல் நான்கு மணி நேரம்வரை நீடித்த பிறகுதான் அது ஒலித்தாக வேண்டும். அதற்குக் கீழான அளவில் அலாரம் வாய் திறக்காமலே இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் அந்தக் குறைந்த அளவே தீங்கு செய்யும். அலாரத்தின் முதுகில் அச்சிட்ட தேதியையும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலானவற்றின் ஆயுள் ஐந்து முதல் பத்து ஆண்டுகள்தான். பொத்தானை அழுத்தினால் சத்தம் வருவது பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்வதைத்தான் காட்டும். உள்ளே இருக்கும் உணரி இன்னும் வாயுவை உணர்கிறதா என்பதை அது காட்டாது.

இனி ஃபர்னஸுக்கு வருவோம். இன்றைய எரிவாயு ஃபர்னஸ் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்தான் தொடங்கும். அந்த வரிசை மனத்தில் இருந்தால் பாதிக் கோளாறுகளை முன்னால் நின்று கவனித்தே கண்டுபிடித்துவிடலாம். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்கிறது. முதலில் சிறிய மோட்டார் ஒன்று சுழலத் தொடங்குகிறது, இண்டியூசர் என்பார்கள். எரியறையில் தங்கியிருக்கும் பழைய வாயுவை வெளியே தள்ளிப் புகைக்குழாயில் இழுப்பை உண்டாக்குவது அதன் வேலை. அந்த இழுப்பு போதுமானதா என்று பிரஷர் சுவிட்ச் சரிபார்க்கிறது. சரி என்றால் தீ மூட்டும் இக்னைட்டர் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது. பிறகு ‘கிளிக்’ என்று எரிவாயு வால்வு திறக்கிறது. பர்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றுகின்றன. தீ உண்மையில் இருக்கிறது என்று ஃப்ளேம் சென்சர் சில நொடிகளுக்குள் உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டுப்பாட்டு போர்டு வால்வை மூடிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் முப்பது முதல் அறுபது நொடிக்குள் பெரிய ப்ளோவர் ஓடத் தொடங்கி, அறைகளுக்கு வெங்காற்று வரும்.

எனவே ஃபர்னஸ் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் படிவரை போய் நிற்கிறது என்று பாருங்கள். பர்னர் பக்கத்துக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் இருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்து, ஒருவரை தெர்மோஸ்டாட்டை ஐந்து டிகிரி ஏற்றச் சொல்லிவிட்டு, காதையும் கண்ணையும் வைத்துக் கவனியுங்கள். கட்டுப்பாட்டு போர்டில் ஒரு எல்.இ.டி விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். சிமிட்டல்களின் எண்ணிக்கைதான் பிழைக் குறியீடு. எத்தனை சிமிட்டலுக்கு என்ன பொருள் என்ற அட்டவணை கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரத்தை அணைப்பதற்கு முன்னால் அந்தச் சிமிட்டலைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் மின்சாரம் போனால் குறியீடும் அழிந்துவிடும். அணைத்துப் போட்டுப் பார்ப்போம் என்ற அவசரத்தில் பலர் இழப்பது இந்த ஒரே தடயத்தைத்தான்.

உங்கள் வழக்கில் இண்டியூசர் ஓடுகிறது, இக்னைட்டர் ஒளிர்கிறது, வால்வு திறக்கிறது, தீ பற்றுகிறது. தீ இருக்கிறது என்ற செய்தி மட்டும் போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஃப்ளேம் சென்சர் என்பது பீங்கான் பிடிக்குள் நிற்கும் மெல்லிய உலோகக் குச்சி, அவ்வளவுதான். போர்டு அதற்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறது. தீக்குள் மின்னூட்டம் பெற்ற துகள்கள் இருப்பதால் குச்சியிலிருந்து பர்னரின் உடலுக்குச் சிறிதளவு மின்சாரம் கடக்கும். குச்சியைவிட பர்னரின் பரப்பு பன்மடங்கு பெரிது என்பதால் ஒரு திசையில் அதிகமாகவும் மறுதிசையில் மிகக் குறைவாகவும் கடக்கும். போர்டு எதிர்பார்ப்பது இந்த ஒருதிசை மின்னோட்டத்தை. அது சில மைக்ரோஆம்பியர் மட்டுமே. இவ்வளவு நுண்ணிய மின்னோட்டத்தைத் தடுக்கக் குச்சியின் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படலமே போதும். எரிவதற்கு இழுக்கப்படும் காற்றோடு வரும் தூசும், வீட்டில் புழங்கும் ரசாயனங்களின் ஆவியும் தீயில் பட்டு அந்தப் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கடுங்குளிரில் ஃபர்னஸ் இடைவிடாமல் ஓடுவதால், இலையுதிர் காலத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த சென்சர் ஜனவரியில் காலை வாரிவிடுகிறது.

சுத்தம் செய்வது இப்படி. தெர்மோஸ்டாட்டை அணையுங்கள். ஃபர்னஸுக்கான மின் சுவிட்சை அணையுங்கள். குழாயில் உள்ள எரிவாயு வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடுங்கள். பர்னர் பக்கக் கதவைக் கழற்றினால் பர்னர்கள் வரிசையாகத் தெரியும். பெரும்பாலான மாதிரிகளில் ஒரு கோடியில் இக்னைட்டரும் மறு கோடியில் சென்சரும் இருக்கும். இக்னைட்டருக்கு இரண்டு கம்பிகள், சென்சருக்கு ஒன்றே ஒன்று, குழப்பமே வராது. சென்சரைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றி, கம்பியை உருவி, குச்சியை வெளியே எடுங்கள். குச்சியை மெல்லிய ஸ்டீல் வுல்லால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். முரட்டு உப்புத்தாள் வேண்டாம். அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் படியும். குச்சியை வளைக்காதீர்கள், அது தீக்குள் நிற்கும் இடம் கணக்கிட்டு வைக்கப்பட்டது. பீங்கானில் விரிசல் தெரிந்தால் சுத்தம் செய்து பயனில்லை, அதே மாதிரிக்கான புதிய சென்சர்தான் வேண்டும். எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில் எல்லாவற்றையும் மாட்டி, ஃபர்னஸை ஓட விட்டு, குறைந்தது இரண்டு மூன்று முழுச் சுற்றுகளைக் கவனியுங்கள்.

சுத்தம் செய்தும் அதே கோளாறு தொடர்ந்தால் பூமி இணைப்பைப் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்த மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் பர்னரின் உடல் வழியாக போர்டுக்குத் திரும்ப வேண்டும். போர்டிலிருந்து வரும் பச்சைக் கம்பி ஃபர்னஸின் தகட்டில் சேரும் இடத்தில் திருகு தளர்ந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ, பர்னர்களில் துரு ஏறியிருந்தாலோ சென்சர் புதிதாக இருந்தும் அறிகுறி அப்படியேதான் இருக்கும். திருகை இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் அளவீட்டுக் கருவியோடு டெக்னீஷியன் வரட்டும்.

மற்ற படிகளில் நிற்கும் ஃபர்னஸ்களுக்கும் சொல்கிறேன். ஒரே வீட்டில் ஒரே குளிர்காலத்தில் இரண்டு மூன்று கோளாறுகள் வருவது சாதாரணம்.

ஃபர்னஸ் அசையவே இல்லை, இண்டியூசர்கூடத் தொடங்கவில்லை என்றால் முதலில் எளியவற்றைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டின் பேட்டரி, அது வெப்பத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறதா, பிரேக்கர் விழுந்திருக்கிறதா. ஃபர்னஸின் அருகிலோ மாடிப்படியின் தலைப்பிலோ விளக்கு சுவிட்ச் போலவே ஒரு சுவிட்ச் இருக்கும். விளக்கை அணைப்பதாக நினைத்து யாராவது அதை அணைத்திருப்பார்கள். ப்ளோவர் அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்புப் பொத்தான் உண்டு. ஃபில்டர் மாற்றிவிட்டுக் கதவைச் சரியாகப் பொருத்தாவிட்டால் மொத்த மின்சாரமும் துண்டிக்கப்பட்டிருக்கும். போர்டில் கார்களில் இருப்பது போன்ற சிறிய ஃப்யூஸ் இருக்கும், 3 அல்லது 5 ஆம்பியர். தெர்மோஸ்டாட் கம்பிகள் எங்காவது ஒன்றோடொன்று உரசினால் அது போய்விடும். அதே அளவு ஃப்யூஸைத்தான் போட வேண்டும். புதியதும் உடனே போனால் கம்பியில் குறுக்கிணைப்பு இருக்கிறது. பெரிய ஃப்யூஸைப் போட்டு அடக்கப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

இண்டியூசர் ஓடுகிறது, ஆனால் இக்னைட்டர் ஒளிரவே இல்லை, குறியீடு பிரஷர் சுவிட்ச் என்கிறது: கடுங்குளிர் நாடுகளில் இந்த இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். குற்றவாளி பெரும்பாலும் அந்த சுவிட்ச் அல்ல, அது உண்மையைத்தான் சொல்கிறது. இழுப்பு குறைந்திருக்கிறது. ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி. சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை பிவிசி குழாய்களைப் போய்ப் பாருங்கள். இரவில் அடித்த பனிக்காற்று ஒன்றை மூடியிருக்கலாம். புகைக்குழாயிலிருந்து வருவது ஈரமான ஆவி. மைனஸ் 30-ல் அது குழாயின் வாயிலேயே உறைந்து வளையம் வளையமாகத் தடித்து, நடுவில் ஒரு சிறு துளை மட்டும் மிச்சமிருக்கும். சில வீடுகளில் அந்த ஆவி பக்கத்தில் உள்ள காற்று உள்ளிழுக்கும் குழாயில் போய் உறையும். ஃபர்னஸை அணைத்துவிட்டு, கையாலோ மென்மையான தூரிகையாலோ அதை அகற்றுங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள், கடுங்குளிரில் பிவிசி நொறுங்கும் தன்மை பெற்றுவிடுகிறது, தட்டினால் குழாயே உடைந்து கையோடு வரும். பொதுவாக, பனி எவ்வளவு உயரம் சேரக்கூடுமோ அதற்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டராவது குழாயின் வாய் இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் வீட்டில் அதைவிடத் தாழ்வாக இருந்தால், ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் நடைபாதையைச் சுத்தம் செய்வதற்கு முன் அந்த இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

வெளியே சுத்தமாக இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். வெள்ளை பிவிசி குழாய்கள் கொண்ட ஃபர்னஸ், புகையில் இருக்கும் நீராவியைக்கூட நீராக்கி அதன் வெப்பத்தையும் பிழிந்து எடுக்கும் வகை. எரிவாயு எரிந்தால் நீர் உண்டாகும். தொடர்ந்து ஓடும் குளிர்நாளில் அது பல லிட்டர். லேசான அமிலத்தன்மை கொண்ட அந்த நீர், டிராப் எனப்படும் ஒரு நீர்ப் பொறிக்குள் இறங்கி, மெல்லிய குழாய் வழியாக வடிகாலுக்குப் போகும். பொறியில் வழவழப்பான அழுக்கு அடைத்தாலோ, குழாய் சூடில்லாத கராஜ் வழியாகப் போய் அங்கே உறைந்தாலோ, நீர் பின்வாங்கி ஃபர்னஸுக்குள் ஏறி இழுப்பைத் தடுத்துவிடும். ஃபர்னஸுக்குள் கொடகொடவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நிச்சயம் இதுதான். பொறியைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் அலசி, மாட்டும்போது கொஞ்சம் நல்ல தண்ணீர் நிரப்பி மாட்டுங்கள். வெறுமையாக மாட்டினால் அதன் வழியாகக் காற்று புகுந்து நீர் வடியாமல் நிற்கலாம். நீரை மேலே ஏற்ற ஒரு சிறு பம்பு வைத்திருப்பவர்கள் அது ஓடுகிறதா என்றும் பாருங்கள். பல பம்புகளில் தொட்டி நிரம்பினால் ஃபர்னஸையே நிறுத்திவிடும் சுவிட்ச் உண்டு. பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் வெடிப்போ நீர்த்துளியோ இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

இண்டியூசர் ஓடி, ‘கிளிக்’ சத்தமும் கேட்டு, ஒளி மட்டும் வரவில்லை என்றால் இக்னைட்டர் முறிந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்ந்து முறிவது அதன் இயல்பு. விரிசல் கண்ணுக்கே தெரியலாம். தெரியாவிட்டால் மின்சாரத்தை அணைத்து, இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து பாருங்கள். பழைய சிலிக்கன் கார்பைடு வகையில் பொதுவாக 40 முதல் 90 ஓம் வரும், புதிய சிலிக்கன் நைட்ரைடு வகையில் அதைவிடக் குறைவாக வரும், முறிந்ததில் எதுவும் காட்டாது. புதியதை மாட்டும்போது ஒளிரும் பகுதியை வெறும் விரலால் தொடாதீர்கள். தோலின் எண்ணெய் பட்ட இடம், குறிப்பாகக் கார்பைடு வகையில், சீக்கிரம் வெடிக்கும். இக்னைட்டர் நன்றாக ஒளிர்ந்தும் தீ வரவில்லை என்றால் எரிவாயு வரவில்லை. அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். புரொப்பேன் தொட்டி வைத்திருப்பவர்கள் தொட்டியின் அளவைப் பாருங்கள். மைனஸ் 42 டிகிரியில்தான் புரொப்பேன் கொதிக்கத் தொடங்கும் என்பதால், அந்தப் பக்கம் வெப்பநிலை நெருங்க நெருங்கத் தொட்டியில் அழுத்தம் விழும், அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் இன்னும் விரைவாக. வெளியே எரிவாயு மீட்டரின் ரெகுலேட்டர் பனிக்கட்டியால் மூடியிருந்தால் அதைத் தட்டி உடைக்காமல் எரிவாயு நிறுவனத்தை அழையுங்கள்.

பற்றும் கணத்தில் ‘டம்’ என்று ஒரு வெடிப்புச் சத்தம் கேட்கிறதா? வாயு வந்தும் உடனே பற்றாமல், தேங்கிய பிறகு மொத்தமாகப் பற்றுகிறது. பர்னர்களில் அழுக்கோ துருவோ இருக்கலாம், வாயு அழுத்தம் சரியில்லாமலும் இருக்கலாம். ஃபர்னஸை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள். ஒவ்வொரு வெடிப்பும், தீயின் வெப்பத்தை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் உலோகப் பகுதியான வெப்பப் பரிமாற்றியை அடிக்கிறது.

நன்றாகப் பற்றி, சில நிமிடம் எரிந்து, பர்னர் அணைந்து, ப்ளோவர் மட்டும் ஓடிக் குளிர்ந்த காற்று வருகிறது, பிறகு மறுபடி பற்றுகிறது என்றால் உள்ளே வெப்பம் மிகுந்து லிமிட் சுவிட்ச் வெட்டுகிறது. காற்று போதுமான அளவு ஓடவில்லை. பத்தில் பெரும்பங்கு ஃபில்டர்தான் காரணம். ஓர் அங்குலத் தடிமன் உள்ள ஃபில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்றுங்கள். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். நுண்ணிய தூசைக்கூடப் பிடிக்கும் என்று விலை உயர்ந்த அடர்த்தியான ஃபில்டரை மெல்லிய சட்டத்தில் போடுபவர்களுக்கு இந்தக் கோளாறு புதிய ஃபில்டரோடேயே வரும். எரிபொருளை மிச்சம் பிடிக்க ஆளில்லாத அறைகளின் காற்றுத் துவாரங்களை மூடி வைப்பதும் இதே விளைவைத்தான் தரும். எல்லாவற்றையும் திறந்து வையுங்கள், மேலே கிடக்கும் கம்பளத்தையும் சோபாவையும் நகர்த்துங்கள். சந்தேகம் தீர ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். அப்போது வெட்டாமல் ஓடினால் விடை கிடைத்துவிட்டது.

ப்ளோவரே ஓடவில்லை, ‘உம்ம்’ என்று முனகுகிறது என்றால் அதன் கெப்பாசிட்டரோ மோட்டாரோ போயிருக்கும். கெப்பாசிட்டர் மின்சாரத்தை அணைத்த பிறகும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம். எப்போதும் ஒரு சிறு தீ எரிந்துகொண்டிருக்கும் பழைய பைலட் விளக்கு ஃபர்னஸில் அந்தத் தீ நிலைக்காமல் அணைந்தால், பெரும்பாலும் அதை உணரும் தெர்மோகப்பிளை மாற்ற வேண்டியிருக்கும். எண்ணெய் ஃபர்னஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: சிவப்பு ரீசெட் பொத்தானை ஒருமுறைக்கு மேல் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலிலும் எரியாத எண்ணெய் அறைக்குள் தேங்கும், பிறகு பற்றினால் ஆபத்தாகப் பற்றும்.

இனி கை வைக்கக் கூடாதவை. பர்னர்களின் அருகே ரோல்அவுட் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. தீ போகக் கூடாத இடத்துக்கு வெளியே பாய்ந்தால் அது வெட்டும். பலவற்றில் நடுவில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஃபர்னஸ் மறுபடி ஓடும். அழுத்தாதீர்கள். தீ வெளியே பாய்ந்தது ஏன் என்று தெரியாமல் ஓட்டக் கூடாது. வெப்பப் பரிமாற்றி அடைத்திருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம். விரிசலுக்கு நீங்களே காணக்கூடிய ஓர் அறிகுறி உண்டு. கண்ணாடித் துவாரம் வழியாகத் தீயைப் பாருங்கள்; நீலமாக, நேராக, நிலையாக எரிய வேண்டும். ப்ளோவர் தொடங்கும் அந்த நொடியில் தீ ஆடினாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ, மஞ்சளாக மாறினாலோ, வீட்டுக் காற்று எரியறைக்குள் புகுகிறது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள், எவ்வளவு குளிராக இருந்தாலும். தூசு பட்டு இடையிடையே ஆரஞ்சுப் பொறி தெறிப்பதற்குப் பயப்பட வேண்டாம்.

பிரஷர் சுவிட்சையோ லிமிட் சுவிட்சையோ கம்பி போட்டு இணைத்து ஏமாற்றி, இன்றைக்கு ஒரு ராத்திரி ஓட்டிக்கொள்வோம் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குடும்பமே தூங்கும் இரவில், கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்கும் படுக்கையறைக்கும் இடையில் நிற்பவை அந்தச் சின்ன சுவிட்சுகள்தான். வாயு வால்வின் அழுத்தத்தைத் திருகித் திருத்துவதும் அளவுக்கருவி இல்லாத கைக்கு உரிய வேலை அல்ல.

டெக்னீஷியன் வரும்வரை வீட்டைக் காப்பாற்ற வேண்டும். மனிதர்கள் கம்பளிக்குள் தாங்கிக்கொள்வார்கள், தண்ணீர்க் குழாய்கள் தாங்காது. வெளியே சுமார் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனாலே, வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களுக்கு ஆபத்து தொடங்கிவிடும். அந்தப் பக்கக் குழாய்களில் தண்ணீரை மெல்லிய இழையாக ஓட விடுங்கள், கழுவுதொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். வீடு தொடர்ந்து குளிர்ந்துகொண்டே போனால் பிரதான வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து நீரை வடித்துவிடுங்கள். எல்லோரும் ஒரே அறையில் தங்கி, கதவை மூடி, மின்சார ஹீட்டரைச் சுவர் இணைப்பில் நேரடியாகச் செருகுங்கள்; 1500 வாட் ஹீட்டரை நீட்டிப்புக் கம்பியில் செருகினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். திரைச்சீலையும் படுக்கையும் அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். எரிவாயு அடுப்பைத் திறந்து வைத்து வீட்டைச் சூடாக்குவது, கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது, ஜெனரேட்டரை கராஜில் ஓட்டுவது ஆகிய மூன்றும் ஆளைக் கொல்பவை. கராஜ் கதவு திறந்திருந்தாலும் கொல்லும்.

பழுது இல்லாததைப் பழுது என்று நினைத்துக் கலங்குபவர்களுக்கும் ஒன்று. ஆண்டின் மிகக் குளிரான இரவில் ஃபர்னஸ் நிற்காமல் ஓடுவது கோளாறு அல்ல. வீட்டுக்குச் சரியான அளவில் தேர்ந்தெடுத்த ஃபர்னஸ் அப்படித்தான் ஓடும். அந்தக் குளிரிலும் ஐந்து நிமிடம் ஓடி ஐந்து நிமிடம் நிற்பதுதான் அளவுக்கு மீறிய பெரிய ஃபர்னஸின் அடையாளம். ஓடிக்கொண்டே இருந்தும் வீடு குளிர்ந்துகொண்டே போனால்தான் விசாரிக்க வேண்டும். திரும்பி வரும் காற்றின் வெப்பத்தையும் ஃபர்னஸுக்கு அருகில் உள்ள துவாரத்தில் வெளிவரும் காற்றின் வெப்பத்தையும் சாதாரண வெப்பமானியால் அளந்து கழித்துப் பாருங்கள். இருக்க வேண்டிய வித்தியாசம் ஃபர்னஸின் உட்புறத் தகட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும், பலவற்றில் 20 முதல் 35 டிகிரி செல்சியஸ் அளவில். அதைவிட அதிகமானால் காற்றோட்டம் குறைவு. மிகக் குறைந்தால் தீ போதவில்லை, அல்லது ஏதோ ஓர் இணைப்புக் குழாய் பரணில் கழன்று வெங்காற்றைக் கூரைக்கு ஊதிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட குளிரில் இரவு தெர்மோஸ்டாட்டை ஆறேழு டிகிரி இறக்கிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் மேலே ஏறி வர நாள் முழுதும் ஆகலாம்.

டெக்னீஷியனை அழைக்கும்போது, உள்தகட்டில் இருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் படித்துச் சொல்லுங்கள், சிமிட்டல் எத்தனை என்று சொல்லுங்கள், எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லுங்கள், நீங்கள் எதைச் சுத்தம் செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். “இண்டியூசர் ஓடுகிறது, இக்னைட்டர் ஒளிர்கிறது, தீ நான்கு நொடி நிற்கிறது, சென்சரைத் தேய்த்தாயிற்று, பூமித் திருகை இறுக்கியாயிற்று” என்று சொன்னால் எந்தச் சென்சரையும் எந்தப் போர்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும். பொருளுக்காகத் திரும்பிப் போய் மறுநாள் வரும் தொல்லை குறையும். வந்தவர் வெப்பப் பரிமாற்றியில் விரிசல் என்று சொன்னால், விரிசலைக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள், புகையின் கார்பன் மோனாக்சைடு அளவையும் கேளுங்கள். அவர் காட்டிவிட்டால், ஃபர்னஸ் பதினைந்து இருபது வயதானது என்றால், பழுது பார்க்கும் செலவைப் புதிய ஃபர்னஸுக்குத் திருப்புவதுதான் சரி. வயது குறைவு என்றால் சீரியல் எண்ணை வைத்து உத்தரவாதத்தை முதலில் பாருங்கள்: பல தயாரிப்பாளர்கள் வெப்பப் பரிமாற்றிக்கு மட்டும் மற்ற பாகங்களைவிட நீண்ட உத்தரவாதம் தருகிறார்கள், கூலி மட்டும் உங்கள் பொறுப்பில் வரும்.